ஒரு குழல் இரண்டான கதை

பிறந்த குழந்தை இவ்வுலகில் முதன்முதல் ஆற்றும் தொழில்களுள் ஒன்று மூச்சு விடுதல். அடுத்தது பாலை விழுங்குதல். ஒன்றுக்கு மூச்சுக்குழல் வேண்டும்; மற்றொன்றுக்கு உணவுக்குழல் வேண்டும். இவ்விரு குழல்களும் தொடக்கத்தில் ஒன்றாகவே இருந்தன என்பது வியப்புக்குரிய செய்தியாகும்.

கரு உருவான நான்காம் வாரத்தில், அதன் முன்குடலின் முன்சுவரில் ஒரு சிறு மொட்டு அரும்புகின்றது. நுரையீரலின் முதல் தோற்றம் இதுவே. அம்மொட்டு கீழ்நோக்கி வளர்ந்து, வலமும் இடமுமாகப் பிரிகின்றது. பின்னர் வலப்புறத்தில் மூன்று கிளைகளும், இடப்புறத்தில் இரண்டு கிளைகளும் தோன்றுகின்றன. வலது நுரையீரல் மூன்று மடல்களையும், இடது நுரையீரல் இரண்டு மடல்களையும் பெற்றிருப்பதற்கு இதுவே காரணம். கிளைகள் மேலும் மேலும் கிளைத்து, இறுதியில் நுண்ணிய காற்றறைகளாக முடிகின்றன.

இதற்கிடையே முன்குடலின் மேற்பகுதி, முன்புறம் மூச்சுக்குழலாகவும் பின்புறம் உணவுக்குழலாகவும் பிரிய வேண்டும். சில வாரங்களுக்குள் நிகழவேண்டிய இப்பிரிவு, ஏறத்தாழ 3,000 முதல் 4,000 குழந்தைகளுள் ஒன்றுக்குச் செவ்வனே அமைவதில்லை. அத்தகைய குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு உணவுக்குழலின் மேற்பகுதி முட்டுச்சந்தைப்போல் அடைபட்டு நிற்கும். கீழ்ப்பகுதியோ மூச்சுக்குழலோடு இணைந்திருக்கும். ஊட்டிய பால் இரைப்பையை அடையாது. வழிந்து மூச்சுக்குழலுக்குள் புகும். இரைப்பையின் அமிலநீரும் கீழிருந்து ஏறி நுரையீரலைப் புண்ணாக்கும். உயிர் காக்கும் பாலே உயிருக்கு இடராகிவிடும்!

இக்குறையை 1697-ஆம் ஆண்டிலேயே தாமசு கிப்சன் என்னும் ஆங்கில மருத்துவர் தெளிவாக எழுதி வைத்தார். ஆயினும், நோயை அறிந்தவர்க்கு அதனை நீக்கும் வழி தெரிந்திலது. 1939-இல்தான் அமெரிக்காவில் லாடு, லெவன் என்னும் இரு மருத்துவர்கள், தனித்தனியே, பல கட்டங்களாக அறுவை செய்து குழந்தைகளைப் பிழைக்க வைத்தனர். 1941-இல் மிச்சிகன் மாநிலத்தில் காமரன் ஹெயிட் என்பவர், தவறான இணைப்பைத் துண்டித்து, உணவுக்குழலின் இரு முனைகளையும் ஒரே அறுவையில் பொருத்தி வெற்றி கண்டார். கிப்சன் எழுதியதற்கும் இவ்வெற்றிக்கும் இடைப்பட்ட காலம் 244 ஆண்டுகள். இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் இத்தகைய குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர்.

எனினும், அறுவை மருத்துவரின் கைத்திறன் பயன்பட வேண்டுமாயின், அருகில் இருப்போர் முதலில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். பிறந்த குழந்தையின் வாயில் நுரையும் உமிழ்நீரும் ஓயாது வழிந்தாலும், பால் ஊட்டியவுடன் குழந்தை இருமித் திணறி நீலம் பாய்ந்தாலும், மீண்டும் ஊட்ட முயலாது, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். மெல்லிய குழாய் ஒன்றை வாய்வழியே செலுத்தி, அது இரைப்பையை அடைகின்றதா என்று பார்த்தே மருத்துவர் இக்குறையை ஐயுற்றறிவர். பின்னர்ப் படம் எடுத்து உறுதி செய்வர்.

கருவில் நேர்ந்த பிழைக்குத் தாயும் பொறுப்பல்லள்; சேயும் பொறுப்பன்று. ஆனால் அதனைக் காலத்தே கண்டறிந்து உதவுதல் நம் பொறுப்பாகும்.