மலர்க்காட்சியிலே காட்சித் தோட்டம் அமைத்தல்

மலர்க்காட்சி என்றதும் அது நகரத்துச் செல்வருக்குரிய பொழுதுபோக்கென எண்ணிக் கமக்காரர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். ஆயினும் காட்சித் தோட்டம் ஒன்றை அமைப்பதற்கு முதன்மையாக வேண்டப்படுவது நாட்கணக்கு. அக்கணக்கிலே நெற்செய்கை பண்ணுவோருக்கு நிகரானவர் இலர். வாய்க்காலிலே கடைசி நீர் எப்பொழுது வரும் என்பதைக் கொண்டு விதைக்கும் நாளைப் பின்னோக்கிக் கணிக்கும் கமக்காரர், காட்சி திறக்கப்படும் நாளைக் கொண்டும் அவ்வாறே கணிக்கலாம். மலர்க்காட்சி எனப் பெயரிருப்பினும் மரக்கறிப் பாத்தியும் நெற்றொட்டியும் அங்கு இடம்பெறுதல் தகும்.

உலகிலே பெயர்பெற்ற காட்சித் தோட்டங்கள் இலண்டன் மாநகரின் செல்சி என்னுமிடத்தில் அமைக்கப்படுவனவாகும். ஓய்வுபெற்ற போர்வீரர் வாழும் அரச இல்லத்தின் நிலத்திலே 1913ஆம் ஆண்டு தொடக்கம் அக்காட்சி நடைபெற்று வருகின்றது. வெறும் புற்றரையாகக் கிடக்கும் இடத்திலே ஏறக்குறைய மூன்று வாரங்களுள் மதில், குளம், மரம், மலர் யாவும் எழுகின்றன. ஐந்து நாட் காட்சி முடிந்ததும் யாவும் அகற்றப்பட்டு நிலம் மீண்டும் புற்றரையாகின்றது. அங்கு செடிகள் பல நிலத்தில் வேரூன்றியவை அல்ல. வேறிடத்திலே பல மாதங்கள் சாடியில் வளர்ந்து, சாடியோடு புதைக்கப்பட்டு, விளிம்பு தெரியாது மூடப்பட்டவையாகும். முந்திப் பூக்க முயல்வன குளிரறையிற் பிடித்துவைக்கப்படும். பிந்துவன வெப்பமூட்டப்பட்ட கண்ணாடி வீட்டினுள் விரைவுபடுத்தப்படும்.

எமக்கு அண்மையிலே, தமிழ்நாட்டின் உதகமண்டலத்து அரச தாவரவியற் பூங்காவில் 1896ஆம் ஆண்டு தொடங்கிய மலர்க்காட்சி மே மாதத்திலே நடைபெறுகின்றது. அங்கும் ஆயிரக்கணக்கான சாடிகள் மாதக்கணக்காகப் பேணப்பட்டுப் படிமேடைகளில் அடுக்கப்படுகின்றன. உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது, கொழும்போ கடலோரம். அங்கு செழிப்பதை இங்கு செழிக்குமென்று எண்ணுதல் தவறு. இதனை நான் எவ்வாறு கற்றேன் என்பதைப் பின்னர் கூறுவேன்.

இடமும் பாத்தியும்

கொழும்பிலே மலர்க்காட்சிகள் பல நடைபெற்ற இடம் விகாரமகாதேவிப் பூங்காவாகும். 1958ஆம் ஆண்டிலே இப்பெயர் பெறுமுன் அது விக்டோரியாப் பூங்கா எனப்பட்டது. அப்பகுதியைத் தமிழர் கறுவாத்தோட்டம் என இன்றும் வழங்குவர். கறுவாவுக்கு ஏற்ற அம்மணற்பாங்கான நிலத்திலே நீர் தங்காது. அன்றியும் பூங்காவின் பெருமரங்களுடைய வேர்களை வெட்டுதல் ஆகாது. ஆதலால் நிலத்தைக் கொத்தாமல், புல்லின்மீது சாக்கு விரித்து, சுற்றிவர 8 அங்குல உயரத்துக்குத் தென்னங்குற்றியோ செங்கல்லோ அடுக்கி, அதனுள் மண்ணிட்டுப் பாத்தி அமைத்தல் வேண்டும்.

20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட பாத்தியை 8 அங்குலத்துக்கு நிரப்ப ஏறக்குறைய 133 கன அடி மண் வேண்டும். மண் படிந்து இறங்குமாதலால் லொறிக்காரரிடம் ஒன்றரைக் கியூப் சொல்லிவைத்தல் நன்று. சாடிகளை இறக்குவதற்கு மணலும் தும்புத்தூளும் கலந்த இலேசான கலவையே போதும். வயல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவது வீண் செலவு. தும்புத்தூளை இரண்டு மூன்று முறை நீர்விட்டு அலசி, அதிலுள்ள உப்பை நீக்கிய பின்னரே பயன்படுத்துக.

இடத்தைத் தெரிவுசெய்யப் போகும்போது காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் போய் நிழல் விழுமாற்றைப் பார்த்தல் வேண்டும். ஆறு மணித்தியால வெயில் கிடையாத இடத்தில் வைத்த வெண்டியும் கத்தரியும் சில நாட்களிலேயே ஒளியை நோக்கிச் சாய்ந்துவிடும்.

நாட்கணக்கு

காட்சி நாளை ஒரு தாளின் அடியில் எழுதி மேனோக்கிக் கணிக்கவும். கீரை 25 முதல் 30 நாள். வெண்டி 45 முதல் 50 நாளில் முதற்காய் தரும். குட்டையான செண்டுப்பூ இனங்கள் 50 முதல் 60 நாளிலும், சீனியா ஏறக்குறைய 60 நாளிலும் பூக்கும். பந்தரிலே புடலங்காய் தொங்க வேண்டுமாயின் 65 நாளாவது வேண்டும். மிளகாய் பழுத்துச் சிவந்து நிற்க 100 நாளுக்குக் குறையாது. இவை வானிலையைப் பொறுத்துக் கூடிக் குறையும். ஆதலின் ஒவ்வொன்றையும் ஒரே நாளில் விதையாது, கணித்த நாளுக்கு ஒரு வாரம் முந்தியும், அந்நாளிலும், ஒரு வாரம் பிந்தியும் மூன்று தொகுதியாக விதைத்தல் வேண்டும். 200 சாடி வேண்டுமிடத்து 260 சாடி வளர்க்குக. குளிரறையும் கண்ணாடி வீடும் இல்லாத எமக்கு இம்மூன்று விதைப்பே அவற்றின் வேலையைச் செய்யும்.

நெல்லைக் காட்டுதல் மிகச் சிறப்பாக அமையும். பீ.ஜீ. 352 போன்ற மூன்றரை மாத இனத்தை, அடியில் துளையில்லாத தொட்டியில் 8 அங்குலச் சேறிட்டு, 15 நாள் நாற்றாகத் தொட்டிக்கு மூன்று முடியாக நடவேண்டும். விதைத்து ஏறக்குறைய 75ஆம் நாளிற் கதிர் வெளிவரும். காட்சி நாள் 95ஆம் நாளாக அமையுமாயின் கதிர் தலைசாய்ந்து, பாதி பொன்னிறமாகி, இலை இன்னும் பசுமையாக நிற்கும். பால் பருவத்திலே வலை கட்டாவிடின் குருவிகள் உமியை மட்டுமே விட்டுவைக்கும்.

சனவரி, பெப்ரவரி மாதங்களே கொழும்பிலே மழை குறைந்த காலம். அப்பொழுது காட்சி நடக்குமாயின், நாற்று வளரும் காலம் ஒக்டோபர், நவம்பர் மாதத்துப் பெருமழையில் அகப்படும். தெளிந்த பொலித்தீன் கூரையின்கீழ் நாற்றுமேடை அமையாவிடின் அடியழுகல் நோயால் நாற்றுக்கள் ஓரிரவிற் படுத்துவிடும்.

நாற்றை எங்கே வளர்ப்பது? நாங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுத்தோட்டம் செய்வோர் சிலரைச் சேர்த்துக்கொண்டோம். வெள்ளவத்தை என்னும் சிங்களப் பெயருக்கு மணற்றோட்டம் என்று பொருள் கூறுவர், பெயருக்கேற்ற மண்தான். ஆனால் உப்புக்காற்று இலையோரத்தைக் கருக்குமாதலால், கடற்பக்கம் மதிலோ தென்னோலைத் தட்டியோ மறைத்த முற்றங்களையே தெரிந்தெடுத்தோம். பெயரிலே சேனையிருந்தும் கொட்டாஞ்சேனையில் இன்று நிலமென்பது மொட்டைமாடியே. நனைந்த மண்ணின் பாரம் மாடிக்கு ஆகாது. அங்கு தும்புத்தூளும் கூட்டெருவும் நிரப்பிய பைகளே பொருத்தமாயின.

கொண்டுசெல்லல்

காட்சிக்குப் பத்து நாள் முன்பிருந்தே செடிகளை முழு வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும். ஏற்றுவதற்கு முதல்நாள் மாலையில் நன்றாக நீரூற்றி, இரவிலே அல்லது விடியற்காலையிலே லொறியில் ஏற்றுக. திறந்த லொறியிலே பகலிற் கொண்டுவந்த செடி, காற்றால் வாடி, நிமிர இரண்டு நாளாகும். சாடியை விளிம்புவரை இறக்கி, மேலே வைக்கோலோ சருகோ பரப்பிவிடுக. காட்சி நடக்கும் நாட்களிலே சனம் வருமுன் அதிகாலையில் அடியிலே நீரூற்ற வேண்டும். பூவிலே நீர் தெளித்தால் ஒருநாள் அழகு, மறுநாள் அழுகல்.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், முதன்முதலாக நான் பங்குபற்றிய தோட்டத்திலே, பாத்தியின் நடுவே பூக்கோவாச் செடிகள் வெண்ணிறப் பூவோடு நின்றன. அவை மலைநாட்டிலே குளிர்விரும்பும் இனத்தில் வளர்ந்து, காட்சிக்கு இரண்டு நாள் முன் லொறியில் வந்தவை. பலகையிலே “பூக்கோவா” என்று மட்டும் எழுதினோம். பரிசும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு வெள்ளவத்தையில் ஒரு வீட்டுத்தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அவ்வீட்டு அம்மா முற்றத்திலே இரு வரிசையாக நின்ற செடிகளைக் காட்டினார்.

“தம்பி, உங்கடை தோட்டத்திலை பார்த்த ஆசையிலை நட்டனான். மூன்று மாதமாய் இலைதான் வருகுது. நான் என்ன பிழை விட்டனான்?”

“அம்மா, பிழை உங்களுடையதன்று” என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அவ்வினம் பூத்திரள்வதற்கு வேண்டிய குளிர் கொழும்பிலே கிடையாது. அதனை நான் பயிர்ச்செய்கைப் பாடசாலையிலேயே கற்றிருந்தேன், பலகையில் எழுதவில்லை. செல்சியிலும் உதகமண்டலத்திலும் மக்கள் கண்ணுக்கு விருந்தாகப் பார்த்துப் போகலாம். விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்தவன் நிற்கும் தோட்டத்திலே கண்டதை மக்கள் வீட்டிற்குப் போய்ச் செய்துபார்ப்பர். விதைக்கும் பசளைக்கும் பணம் கொடுப்பர்.

அதன்பின் அமைத்த தோட்டத்திலே கொழும்பில் வளர்ந்த செடியன்றி வேறொன்றும் வைக்கவில்லை. பயிற்றை, வெண்டி, கத்தரி, பொன்னாங்காணி, செண்டுப்பூ, நெல் ஆகியனவே. நடுவிலே புடலைப் பந்தர் இட்டோம். காய் நேராக நீளுவதற்கு நுனியிலே கல் கட்டியிருந்ததைக் கண்டு சிறுவர் விலகாமல் நின்றனர். ஒவ்வொரு செடிக்கும் முன்னால் இனம், விதைத்த திகதி, இட்ட பசளை, வளர்ந்த இடம் ஆகிய நான்கையும் எழுதினோம். கத்தரிச் சாடி ஒன்றிலே தண்டுதுளைப்பான் தாக்கி வாடிய நுனியை அகற்றாது விட்டு, அதனை எவ்வளவு கீழே வெட்டி எரித்தல் வேண்டுமெனப் பக்கத்திலே குறிப்பு வைத்தோம். நடுவர்கள் அச்சாடிக்காகப் புள்ளி குறைத்தனர். ஆயினும் மூன்று நாளும் அதிகமான கேள்விகள் அச்சாடியைப் பற்றியே வந்தன. இதுபற்றி நடுவரோடு முரண்பட நான் விரும்பவில்லை; அடுத்த முறையும் அவ்வாறே வைப்பேன்.

காட்சி முடிந்தபின்

பாத்தியின் கீழுள்ள புல் நாட் செல்லச் செல்ல மஞ்சளித்து இறந்துவிடுமாதலால் மறுநாளே அகற்றத் தொடங்குதல் வேண்டும். சாக்கோடு மண்ணை இழுத்தெடுத்தால் புல்லிலே மண் தங்காது. பின்னர் அவ்விடத்துக்கு ஒரு வாரம் நீரூற்றுக. செடிகள் எங்கே போகும் என்பதைக் காட்சிக்கு முன்னரே முடிவுசெய்தல் நன்று. இல்லாவிடின் கடைசி நாள் மாலையிலே கிடைத்தவர் கிடைத்ததைப் பிடுங்கிச் செல்வர். எமது மிளகாய், கத்தரிச் சாடிகள் கொட்டாஞ்சேனை மாடிகளுக்கு மீண்டன. நெற்றொட்டிகள் பன்னிரண்டும் வெள்ளவத்தையில் அந்த அம்மாவின் முற்றத்துக்குப் போயின. பத்து நாளின் பின் அரிவாளால் அறுத்து, சுளகிலே தேய்த்துப் புடைத்தபோது மூன்று சுண்டு நெல் இருந்தது.