ஏரிக்கறையை யார் திருத்துவது?

விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்க் கட்டுரையில் ஏரிக்கரை, 'ஏரிக்கறை' ஆகியிருந்தது. பல மாதங்களாகப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். திருத்துவதற்கான 'தொகு' என்ற பொத்தான் பக்கத்தின் தலையிலேயே இருந்தது. அது வேறு யாருக்கோ வைத்தது என்று நினைத்துக்கொண்டேன். படிப்பவர் எழுதுபவராவது பற்றி உலவும் நம்பிக்கைகள் பலவற்றுக்கும் இந்த 'வேறு யாருக்கோ'தான் வேர்.

நம்பிக்கை: கலைக்களஞ்சியம் எழுதப் புலமை வேண்டும்.

இப்படி நம்பித்தான் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2000 மார்ச்சில் நியூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். எழுதுபவர் கூடுமானவரை முனைவராக இருக்க வேண்டும், கட்டுரை சரிபார்ப்பில் ஏழு படி ஏறி வர வேண்டும். கடைசிவரை தேறியவை இரண்டு டஜன் அளவுதான். அதற்குத் துணையாக, யாரும் எழுதலாம் என்று 2001 ஜனவரி 15இல் திறந்துவிட்ட விக்கிப்பீடியா ஓராண்டில் 20,000 கட்டுரைகளை நெருங்கியது. 2003 செப்டம்பரில் நியூபீடியா மூடப்பட்டது. அதே மாதம் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

நம்பிக்கை: எழுதுவது எப்போதும் ஒரு சிலர்தான், மற்றவர்களை அழைத்துப் பயனில்லை.

இதற்குக் கணக்கே காட்டுவார்கள். வேல்சும் காட்டினார்: மிகச் சுறுசுறுப்பான 2 சதவீதம் பேர் 73.4 சதவீதத் தொகுப்புகளை, அதாவது திருத்தங்களை, செய்திருக்கிறார்கள். 2006இல் ஆரன் சுவார்ட்ஸ் என்ற இளைஞர் வேறு மாதிரி எண்ணிப் பார்த்தார். யார் எத்தனை முறை 'சேமி' அழுத்தினார் என்பதை விட்டுவிட்டு, கட்டுரையில் அப்போதும் நின்ற எழுத்து யார் போட்டது என்று தேடினார். நடிகர் ஆலன் ஆல்டா பற்றிய கட்டுரையில் பத்தி பத்தியாக விஷயத்தைக் கொட்டியவர்கள் எப்போதோ வந்துபோனவர்கள். பலருக்குப் பயனர் கணக்குகூட இல்லை. அன்றாடம் இருப்பவர்கள் பிழை நீக்கி, பகுப்பு சேர்த்து, ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் நூறு நடை நடப்பார். அரிசி மூட்டையை இறக்கியவர் ஒரு நடைதான் வந்திருப்பார். நடையை எண்ணினால் மூட்டைக்காரர் கணக்கிலேயே வரமாட்டார். சுவார்ட்ஸ் பார்த்தவை சில கட்டுரைகள்தான், அதை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த 73.4ஐ யாராவது நீட்டினால், எதை எண்ணினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

நம்பிக்கை: கருவியை எளிதாக்கினால் கூட்டம் வரும்.

குறியீடுகள் தெரியாமலே எழுத உதவும் காட்சித் தொகுப்பியை 2013 ஜூலையில் ஆங்கில விக்கியில் எல்லார் முன்னும் வைத்தார்கள். பழைய பயனர்கள் எதிர்க்கவே செப்டம்பரில் பின்வாங்கினார்கள். 2015இல் புதிய கணக்குகளில் பாதிக்கு மட்டும் அதைக் கொடுத்து ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் இல்லை.

நம்பிக்கை: புதியவர்கள் அரைகுறையாக எழுதுவதால்தான் நிலைப்பதில்லை.

ஆங்கில விக்கியில் மாதம் ஐந்து தொகுப்பாவது செய்பவர்கள் 2007இல் 51,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2013இல் சுமார் 31,000. ஏரன் ஹால்ஃபேக்கர் என்ற ஆய்வாளரும் அவரோடு ஆய்ந்தவர்களும் பார்த்தபோது, நல்லெண்ணத்தோடு வருபவர்களின் விகிதம் குறையவில்லை. அவர்கள் எழுதியதைத் தூக்கியெறிவதுதான் கூடியிருந்தது. விஷமிகளை விரட்டச் செய்த கருவிகள், தவறிழைத்த அப்பாவிக்கும் அதே அச்சடித்த எச்சரிக்கையை நீட்டின. வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே 'யார் நீ?' என்று கேட்டுவிட்டு, ஏன் திரும்பி வரவில்லை என்று யோசிப்பது போல. 2012இல் 'தேநீர்க் கடை' என்றொரு பக்கம் திறந்தார்கள். புதியவர் எதையும் கேட்கலாம், மனிதரே பதில் சொல்வார். அதற்கு அழைப்பு பெற்றவர்களில் கூடுதலானோர் நிலைத்தார்கள் என்று பின்னால் கணக்கெடுத்துச் சொன்னார்கள். நம் விக்கியின் பொதுப்பேச்சு இடத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

என் மகள் பள்ளிக் கட்டுரையில் 'ஏரிக்கறை' என்றே பார்த்து எழுதிய அன்று, பொறுக்காமல் திருத்தினேன். ஒரே ஓர் எழுத்து. மறுநாள் என் பேச்சுப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நன்றி சொல்லிவிட்டுக் கேட்டிருந்தார்: "நீங்கள் அந்த ஊர்க்காரரா? ஏரியின் படம் ஒன்றுகூட இல்லையே?"

சாயங்காலம் கைபேசியோடு கரைக்குப் போனேன். தண்ணீர் இல்லை, சீமைக் கருவேலம்தான் இருந்தது. அதையே எடுத்துப் போட்டேன்.