ஆர்சி சீரோ வந்தால் போதுமா?

அன்புள்ள கவினுக்கு,

மெயின்ஃபிரேம் டீமில் போட்டுவிட்டார்கள் என்று நீ சுணங்குவதாக அக்கா சொன்னாள். சுணங்காதே. கிண்டி ஐஐடி வளாகத்தில் 1973-இல் ஐபிஎம் 370/155 வந்து இறங்கியதிலிருந்து இந்த ஊருக்கு அந்த இயந்திரத்தோடு பழக்கம். மயிலாப்பூரிலிருந்து மாமா எழுதுவது பேக்கப் பற்றி மட்டும்.

டிபி2 டேட்டாபேஸில் காப்பி ஜாப் ஓடி, பிழையில்லை என்று சொல்லும் ஆர்சி (ரிட்டர்ன் கோட்) சீரோ வந்ததும் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். இரவு 2 மணிக்கு எடுத்த இமேஜ் காப்பிக்கு மாலை 5 மணி விவகாரம் எப்படித் தெரியும்? அது லாக்கில் இருக்கிறது. ரெகவர் கொடுத்தால் முதலில் காப்பி இறங்கும், அதன்மேல் லாக் வரிசையாக ஏறும். டிஸ்க்கில் இடமில்லை, ஆர்க்கைவ் லாக்கை அழி என்று யாராவது சொன்னால் எழுதித் தரச் சொல்.

எத்தனை காப்பிகளை வைத்திருக்கலாம் என்ற ஜிடிஜி லிமிட்டையும் பார்த்துவை. லிமிட் 7 என்றால் எட்டாவது வந்ததும் மூத்தது போய்விடும். ஒரே இரவில் காப்பி ஜாப்பை மூன்று தடவை ரீரன் செய்தால் மூன்று நாள் காப்பி காலி. காப்பிகளைப் பதிவு செய்யும் சிஸ்காப்பி டேபிளில் பெயர் மட்டும் இருக்கும்.

பெரிய வம்பு வேறு. தவறான பேட்ச் ஜாப் ஒன்று ஓடிவிட்டது என்று வை. இருப்பு டேபிளை மட்டும் மதியம் 3 மணி நிலைக்குக் கொண்டுபோகிறாய். 4 மணிக்குப் பாண்டி பஜாரில் புடவை வாங்கியவரின் பரிவர்த்தனை இன்னொரு டேபிளில் அப்படியே நிற்கும், இருப்பில் பணம் குறைந்திருக்காது. டேபிள்களின் உறவை டிபி2-வுக்குச் சொல்லியிருந்தால் செக் பெண்டிங் போட்டு நிறுத்தும். உறவு கோபோல் புரோகிராமுக்குள் மட்டும் இருந்தால் வாயே திறக்காது. பழைய சிஸ்டங்களில் இதுதான் அதிகம். எந்த டேபிள்கள் சேர்ந்தே போக வேண்டும் என்ற பட்டியலை நீயே தயார் செய்.

2015 டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. வெள்ளத்தில் ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போக முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். பேக்கப்பிலும் இதே கதைதான்: டேப்பை வேறு ஊரில் வைப்பார்கள். ரீஸ்டோர் செய்யத் தெரிந்தவர் அடையாறில் தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்.

ஆகவே இந்த மாதமே டெஸ்ட் ரீஜியன் கேட்டு வாங்கு. நீ எழுதிய குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வேறு ஊர்க்காரர் ஒருவர் ரீஸ்டோர் செய்யட்டும். அவர் போன் போட்டுக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் குறிப்பில் சேர்த்துவிடு.

அன்புடன்,
மாமா