வண்ணமும் ஓசையும்

வண்ணம் என்னும் சொல்லுக்கு நிறம் என்பது ஒரு பொருள். செய்யுளில் அமையும் ஓசை நயம் என்பது மற்றொரு பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை வகுத்துரைக்கின்றார். அவை கண்ணாற் காணும் நிறங்கள் அல்ல. செவியாற் கேட்டுணரும் ஓசை வேறுபாடுகளாம். ஒரே சொல் கண்ணுக்குரியதையும் செவிக்குரியதையும் குறித்து நிற்றலின், நிறத்திற்கும் ஓசைக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா நம் உள்ளத்தே எழுகின்றது. கித்தார் என்னும் மேனாட்டு நரம்புக் கருவியைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றில் நாம் நுழைவோமாயின், சுவரில் வரிசையாகத் தொங்கும் கித்தார்கள் நம் கண்ணைக் கவரும். சில மரத்தின் இயல்பான நிறத்தோடு விளங்கும். சில செக்கச் சிவந்திருக்கும். சில கடல் நீலமாகவும், சில காக்கைக் கருமையாகவும் இருக்கும். நடுவில் பொன்னிறமாகத் தொடங்கி, விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லக் கருஞ்சிவப்பாக மாறி, மாலைக் கதிரவனை நினைவூட்டுவனவும் உண்டு. வாங்க வந்த சிறுவன், "அந்த நீல நிறக் கித்தாரைக் காட்டுங்கள்" என்பான். அதன் ஓசை எப்படி என்று கேட்க மறப்பான். அவனைக் குறை கூறுவானேன்? முதலில் செல்வது கண். பிறகு செல்வதே செவி.

கித்தாரின் உறுப்புகளை முதற்கண் அறிந்துகொள்வோம். வீணைக்கு உள்ளதுபோலவே இதற்கும் தண்டியும், மெட்டுகளும், குதிரையும் உண்டு. மெட்டுகள் பதிந்த பகுதியை விரற்பலகை என்னலாம். தண்டியின் கீழே, இடை சிறுத்த பெட்டி போன்ற உடல் அமைந்திருக்கும். பண்டைத் தமிழர் யாழின் இவ்வுறுப்பைப் பத்தர் என்றனர். கித்தாரின் பத்தர் மேற்பலகை, பின்பலகை, பக்கப்பலகைகள் ஆகியவற்றால் ஆனது. மேற்பலகையின் நடுவே வட்டமான ஒலித்துளை இருக்கும். உலோக நரம்புகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ எடையுள்ள பொருள் தொங்கினாற்போன்ற விசையுடன் கருவியை இழுக்கின்றன. மேற்பலகையின் கனமோ ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டரே. அத்துணை மெல்லிய பலகை அவ்விசையைத் தாங்கவும் வேண்டும். நரம்பு அசையுந்தோறும் தானும் தடையின்றி அதிரவும் வேண்டும். கித்தார் செய்வோரின் திறமெல்லாம் இவ்விரண்டையும் பொருத்துவதிலேயே அடங்கியுள்ளது.

நரம்பு தனித்து நின்றால் அதன் ஒலி அடுத்த அறைக்கும் கேளாது. அது மெல்லியதாகலின் மிகச் சிறிதளவு காற்றையே அசைக்க வல்லது. அதன் அதிர்வு குதிரையின் வழியே மேற்பலகையை அடைந்து, பலகை முழுவதும் அதிர்ந்து, பத்தரில் உள்ள காற்றையும் அசைக்கும்பொழுதே நாம் கேட்கும் இன்னோசை பிறக்கின்றது. ஆகவே மேற்பலகைக்கு ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தைப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பர். அது எடை குறைந்தது. ஆயினும் உறுதி மிக்கது. அதன் நிறமோ வெளிறிய மஞ்சள். கண்ணைப் பறிக்கும் அழகு அதற்கு இல்லை.

ஓசைக்கு முதன்மையானது மேற்பலகையே என்பதனைக் காட்டுதற்கு ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் ஒருவர் வியத்தகு செயல் ஒன்றைச் செய்தார். அவர் பெயர் அந்தோனியோ தெ தோரஸ். அல்மெரியா நகரை அடுத்த ஊரில் 1817-ஆம் ஆண்டில் பிறந்து, தச்சுத் தொழில் பயின்று, பின்னர்க் கித்தார் செய்வோருள் தலைசிறந்தவராக விளங்கியவர் அவர். மேற்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் மெல்லிய பட்டைகளை ஒட்டி வலுவூட்டும் முறையை அவர் செப்பஞ் செய்தார். 1862-ஆம் ஆண்டில் அவர் ஒரு கித்தாரைச் செய்தபொழுது, மேற்பலகைக்கு நல்ல ஸ்புரூஸ் மரத்தைப் பயன்படுத்தினார். பின்பலகைக்கும் பக்கங்களுக்குமோ மரத்தையே நாடவில்லை. காகிதக் கூழாலாகிய அட்டையைப் பயன்படுத்தினார்! அட்டையாலாகிய அக்கருவி நல்ல கித்தாராகவே இசைத்தது என்பர். இன்று அது பார்சிலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் பேணிக் காக்கப்படுகின்றது.

இனி, நிறத்திற்கு வருவோம். மரத்தின்மேல் பூசும் மெருகு ஈரத்தையும் அழுக்கையும் தடுத்து மரத்தைக் காக்கின்றது; ஆதலின் அது வேண்டுவதே. ஆயின் மேற்பலகையில் தடிப்பாகப் பூசிய வண்ணம் அதற்குப் போர்த்திய கம்பளம் போன்றது; அதன் அதிர்வை அடக்கிவிடும். ஆதலின், தேர்ந்த கலைஞர் அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொதியால் மீண்டும் மீண்டும் தேய்த்து, மிக மெல்லிய படலமாக மெருகிடுவர். அவ்வரக்கு நம் நாட்டுக் காடுகளிற் பலாச மரம் முதலியவற்றில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. விலை மலிந்த கருவிகளுக்கு அடர்ந்த வண்ணம் பூசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மரத்தின் கணுவையும், ஒட்டின் குறையையும் வண்ணம் மறைத்துவிடும். வண்ணம் பூசியன எல்லாம் தாழ்ந்தவை அல்ல; எனினும், வண்ணத்தின் அடியில் இருப்பது யாது என்று ஆராயாமல் வாங்குதல் தகாது.

மின்கித்தாருக்கு இத்துணைக் கட்டுப்பாடு இல்லை. அதன் உடல் பெரும்பாலும் கெட்டியான மரக்கட்டை. நரம்பின் அசைவை மின்கருவி ஏற்று ஒலியாக்குகின்றது. அமெரிக்க நாட்டு லியோ பெண்டர் என்பாரின் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் வண்ணங்களையே தன் மின்கித்தார்களுக்குப் பூசிப் புகழ்பெற்றது. அந்நிறுவனம் 1960-களில் மின்சாரம் வேண்டாத கித்தார்களையும் செய்யத் தொடங்கிற்று. அவற்றை வடிவமைத்தவர் ரோஜர் ராஸ்மைசில் என்னும் ஜெர்மானியக் கலைஞர்.

அவற்றுள் வைல்டுவுட் என்று பெயர் பெற்றவை மிகவும் புதுமையானவை. பிற கித்தார்களில் நிறம் மரத்தின்மேல் பூசப்படும். இவற்றிலோ நிறம் மரத்திற்குள்ளேயே ஊறியிருந்தது. பீச் என்னும் மரம் உயிரோடு நிற்கும்பொழுதே அதனுள் சாயத்தைச் செலுத்தினர். வேர் உறிஞ்சிய நீர் நுண்ணிய குழாய்களின் வழியே மேலேறுவதுபோலச் சாயமும் ஏறி, மரத்தின் வரிகளில் படிந்தது. பின்னர் அம்மரத்தை அறுத்துப் பார்த்தால், பச்சையும் பொன்னிறமும் ஊதா கலந்த நீலமும் வரிவரியாக ஓடிக் காண்போரை வியப்பில் ஆழ்த்தின. இயற்கையும் மனிதனும் சேர்ந்து தீட்டிய அவ்வோவியத்தில் ஒரு பலகை போல் மற்றொரு பலகை அமையவில்லை.

அவ்வண்ண மரத்தைப் பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பயன்படுத்தினர். மேற்பலகையை ஸ்புரூஸ் மரத்தாலேயே அமைத்தனர். தோரஸ் காட்டிய உண்மைக்கு இஃது இயைந்ததே. ஆயினும் அக்கருவிகள் நெடுநாள் நிலைக்கவில்லை. அவற்றின் தண்டியை மின்கித்தாரிற் போலத் திருகாணியால் இணைத்திருந்தனர். நரம்பின் இழுப்பைத் தாங்குதற்கெனப் பத்தரின் உள்ளே அலுமினியக் குழாய் ஒன்றை நீளவாட்டில் பொருத்தியிருந்தனர். இசைவாணர் அதனைத் துடைப்பக்காம்பு என்று வேடிக்கையாக அழைத்தனர். பழைய முறையிற் செய்த கித்தார்களின் ஓசைக்குப் பழகிய செவிகள் இவற்றை விரும்பி ஏற்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அவற்றின் உற்பத்தி நின்றது.

கிப்சன் நிறுவனத்தின் வரலாற்றிலும் இத்தகைய எடுத்துக்காட்டு உண்டு. எவர்லி உடன்பிறப்பினர் என்னும் புகழ்பெற்ற பாடகர் இருவர்க்கென 1962-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கருநிறக் கித்தார் ஒன்றை வெளியிட்டது. விரலும் மீட்டுங் கருவியும் கீறாவண்ணம் மேற்பலகையில் ஒரு சிறு காப்புத் தகடு ஒட்டுதல் வழக்கம். இக்கித்தாரிலோ ஒலித்துளையின் இருபுறமும் இரு பெருந்தகடுகளை அழகிற்காக ஒட்டினர். மேடையில் அது மிக எடுப்பாகத் தோன்றியது. ஆயின் அதிர வேண்டிய பலகையின்மேல் ஏற்றிய சுமை எதுவாயினும், அஃது ஓசையிலிருந்து ஒரு பங்கை வாங்கிக்கொள்ளாமல் விடாது.

பூசிய நிறத்தைப் பற்றி இவ்வளவு சொன்னோம். மரத்தின் இயற்கை நிறமோ எனின், அதிலும் மனிதனுக்குத் தீராத பற்று உண்டு. கருஞ்சிவப்பு வரிகள் ஓடும் பிரேசில் நாட்டு ஈட்டி மரமே பின்பலகைக்குச் சிறந்தது என்று பலரும் நெடுங்காலம் கருதி வந்தனர். அந்நம்பிக்கையை இங்கிலாந்தின் லாங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் சோதித்தனர். மேற்பலகையும் அமைப்பும் ஒத்திருக்க, பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரத்தாலாகிய ஆறு கித்தார்களைச் செய்வித்தனர். விலை மிக்க பிரேசில் ஈட்டியும் அவற்றுள் இருந்தது. எளிதிற் கிடைக்கும் மரங்களும் இருந்தன. இசைவாணர் 52 பேரை அழைத்து, ஒளி குறைந்த அறையில், உலோகப் பற்றுவைப்போர் அணியும் இருண்ட கண்ணாடியை அணிவித்து, அக்கருவிகளை வாசிக்கச் செய்தனர். மரத்தின் நிறம் அவர்கள் கண்ணிற் படாதிருத்தற்கே இத்துணை ஏற்பாடு! 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு யாதெனின், ஆறு கித்தார்களும் ஏறத்தாழ ஒத்த மதிப்பீட்டையே பெற்றன. கண்ணை மறைத்தபொழுது, விலையின் உயர்வு தாழ்வும் மறைந்துபோயிற்று.

செவிக்குப் புலப்படாத அவ்வேறுபாட்டிற்காகக் காடு கொடுத்த விலையோ பெரிது. கித்தாருக்காகவும், அதனினும் மிகுதியாக வீட்டு மரப்பொருள்களுக்காகவும், பிரேசில் ஈட்டி மரம் வரம்பின்றி வெட்டப்பட்டது. அது கிடைப்பது அரிதாகவே, மார்ட்டின் என்னும் அமெரிக்க நிறுவனம் 1969-ஆம் ஆண்டில் இந்திய ஈட்டி மரத்திற்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் மரமே அது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை, 1992-ஆம் ஆண்டில் பிரேசில் ஈட்டியை மிகக் கடுமையான காப்புக்குரிய பட்டியலில் சேர்த்தது.

கருங்காலியின் கதை இதனினும் இரங்கத்தக்கது. கித்தாரின் விரற்பலகைக்குக் கருங்காலியைப் பயன்படுத்துவர். அது மையைப்போல் ஒரே கறுப்பாக இருத்தல் வேண்டும் என்பது வாங்குவோர் விருப்பம். ஆயின் கருங்காலி மரங்கள் பலவற்றில் கறுப்போடு பழுப்பு வரிகளும் கலந்திருக்கும். வெளியில் நின்று நோக்கின் அஃது தெரியாது. வெட்டிய பின்னரே தெரியும். டெய்லர் என்னும் அமெரிக்கக் கித்தார் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் கருங்காலி அறுக்கும் ஆலையொன்றை ஒரு கூட்டாளியோடு வாங்கியது. அப்பொழுது அந்நிறுவனத் தலைவர் பாப் டெய்லர் ஒரு செய்தி அறிந்தார். முழுக் கறுப்பான ஒரு மரத்தைப் பெறுதற்குப் பத்து மரங்கள் வரை வீழ்த்தப்பட்டன. வரி கலந்தவை விலை போகா என்று காட்டிலேயே கைவிடப்பட்டு மக்கின! பல்லாண்டு வளர்ந்த மரங்கள், ஓசையில் ஒரு குறையுமின்றி, நிறத்தில் சிறிது வேறுபட்ட ஒரே குற்றத்திற்காக மண்ணோடு மண்ணாயின. டெய்லர் அன்றுமுதல் வரி கலந்த கருங்காலியையும் விலை கொடுத்து வாங்கித் தம் கித்தார்களில் பொருத்தலானார். முன்பு குறை எனப்பட்ட பழுப்பு வரி, இன்று பல கித்தார்களில் அணியாக விளங்குகின்றது.

இதே டெய்லர் 1995-ஆம் ஆண்டில் ஒரு கித்தார் செய்தார். பண்டங்களை அடுக்கித் தூக்குதற்குப் பயன்படும் பழைய ஓக் மரத் தட்டு ஒன்றைப் பிரித்து, அதன் பலகைகளால் பின்புறத்தையும் பக்கங்களையும் அமைத்தார். ஆணி அடித்த துளைகளை அவர் மறைக்கவில்லை. அலுமினிய வில்லைகளை அவற்றில் பதித்தார். விரற்பலகையில் பாரந்தூக்கும் வண்டியின் உருவத்தையும் இழைத்தார். எறிந்துவிடத்தக்க மரமும் வல்லவன் கைப்பட்டால் இனிமையாக இசைக்கும் என்பதற்கு அது சான்றாயிற்று.

மாணவர்களே! அழகிய நிறத்தை விரும்புதல் குற்றமன்று. கருவியை அணிசெய்தல் எல்லா நாட்டாருக்கும் உரிய பழக்கமே. ஆயினும் அழகிற்கு ஓர் இடம் உண்டு. பயனுக்கு ஓர் இடம் உண்டு. சாயம் ஊறிய பலகை கித்தாரின் பின்புறத்தில் இருக்கலாம்; அதிரும் முகத்தில் தடிப்பாக ஏறலாகாது. நீங்கள் என்றேனும் கித்தார் வாங்கச் செல்வீராயின், தேர்ந்த ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். அவர் கருவிகளை ஒவ்வொன்றாக வாசிக்க, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். உள்ளத்திற்கு இனியது எதுவோ, அதனைக் கையில் வாங்கிய பின்னரே கண்ணைத் திறவுங்கள். அது நீலமாயினும் ஆகுக. வரி கலந்த பழுப்பாயினும் ஆகுக. நிறங்கண்டு தரந்துணியும் பழக்கத்தால் கேமரூன் காட்டில் மக்கிய மரங்கள் பல. அப்பழக்கம் மரத்தினிடத்தும் வேண்டா, மக்களிடத்தும் வேண்டா.