இளைப்பாற்றலும் சோம்பலும்

ஓய்வு கொள்ளுதல் தகுமோ தகாதோ என்னும் வினாவுக்கு விடை காணுமுன், ஓய்வு இது, சோம்பல் இது என வேறுபாடு உணர்தல் இன்றியமையாதது. செய்யத்தக்க கருமத்தை, வலியிருந்தும் செய்யாது விடுதல் சோம்பல். உழைத்து இளைத்த உடம்பும் உள்ளமும் மீண்டும் வலிபெறும்பொருட்டுச் சிறிதுபொழுது அமர்ந்திருத்தல் ஓய்வு. திருவள்ளுவனார் மடியின்மை என ஓர் அதிகாரம் வகுத்தது முன்னையதைக் கடிதற்கேயன்றிப் பின்னையதைக் கடிதற்கன்று.

நமது சித்தாந்தம் ஓய்வினை மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் பேசுகின்றது. இறைவனது ஐந்தொழிலுள் சங்காரம் கொடுந்தொழில்போலத் தோன்றும். 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார், பிறந்தும் இறந்தும் எய்த்த உயிர்களை இளைப்பாற்றும் கருணையே அஃது எனச் சிவஞான சித்தியாரிலே விளக்கினார். கிறித்தவர் வேதமும் ஏழாம்நாள் ஓய்வை வீட்டுத்தலைவனுக்கு மாத்திரமன்றி, வேலையாட்கும் கால்நடைக்கும் சேர்த்தே விதிக்கின்றது. மாட்டுப்பொங்கலன்று எருதை ஏரிற் பூட்டாத நம் முன்னோர் கருத்தும் இதுவே.

கொத்மலையிலுள்ளார்க்கு இதற்குச் சான்று கண்முன்னே நிற்கின்றது. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகட்கொருமுறை கவ்வாத்து வெட்டுவர். வேரிலே மாச்சத்துக் குறைந்துள்ள இடங்களில், வெட்டுதற்கு முன் சில வாரம் கொழுந்து பறியாமல் செடியை விட்டுவைப்பர். அக்காலத்தில் இலைகள் ஆக்கும் உணவு வேரிற் சேர்கின்றது. வெட்டியபின் புதுத்தளிர் அதனையுண்டே எழுகின்றது. அச்சேமிப்பு இல்லையாயின் செடி பட்டுப்போதலும் உண்டு. செடிக்கு ஓய்வளித்தலை எவரும் சோம்பல் என்பதில்லை. அச்செடியிற் கொழுந்தெடுக்கும் பெண் சற்றே அமர்ந்தால் மாத்திரம் அவளைச் சோம்பேறி என்பது எந்நீதி?

அற்றேல், ஒருநாள் வேலைக்குப் போகாவிடின் அந்நாட் சம்பளம் போமே; ஏழை தனக்குத்தானே ஓய்வளித்துக்கொள்வது எங்ஙனம் எனின், அவ்வினா நியாயமானதே. இதுபற்றியே அறமும் சட்டமும் துணைசெய்யவேண்டும் என்கின்றோம். 1921இல் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, கைத்தொழிற்சாலைத் தொழிலாளர்க்கு ஏழுநாட்கு ஒருமுறை தொடர்ந்து 24 மணிநேர ஓய்வு வேண்டும் என உடன்படிக்கை செய்தது. பெருந்தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனி உடன்படிக்கை 1958இல் உண்டாயிற்று. இலங்கையிலே 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்கு மாறாகப் போயா நாள்களே வார விடுமுறையாயிருந்தன. நாள் மாறினும் ஓய்வு வேண்டும் என்பது மாறவில்லை.

எனினும் சட்டம் பிரட்டுக்களத்தோடு நின்றுவிடும்; லயத்துள் நுழையாது. ஞாயிறு வந்தால் ஆடவர்க்கு வேலை ஒழிகின்றது. பெண்டிர்க்கோ துணி துவைத்தலும், விறகு தேடுதலும், சமையலுமாக வேலை இடம் மாறுகின்றதேயன்றி ஒழிவதில்லை. ஆதலின் வீட்டார் கைக்கொள்ளத்தக்கன சில கூறுதும்.

முதலாவது, ஓய்வுநாளில் தண்ணீரும் விறகும் கொணர்தல் ஆடவர்க்கும் வளர்ந்த ஆண்பிள்ளைகட்கும் உரியதாகுக. அரைநாளேனும் தாய் கைகட்டி இருக்கும்படி செய்தல் மக்கட்குக் கடன்.

இரண்டாவது, தாய்மார் அங்ஙனம் இருத்தற்கு நாணாதிருத்தல் வேண்டும். பிறர் அனுமதித்தும் தம்முள்ளம் அனுமதியாமையால் ஓய்வை இழப்பார் பலர். தாம் இருக்கும் ஒரு நாழிகையிற் குடும்பம் கெட்டுவிடாது. தம் உடம்பு கெடின் குடும்பம் தளரும் என்று அவர் தெளிக.

மூன்றாவது, சாராயக்கடையிற் பொழுதுபோக்குதலை ஓய்வென எண்ணற்க. அது வலியைத் தருவதன்று. உள்ள வலியையும் கூலியையும் ஒருங்கே கொள்வது.

நான்காவது, ஒழிந்த நாள்களிலும் மாலையில் விளக்கேற்றித் திருநீறணிந்து, கால்மணிப் பொழுது பேச்சொழிந்து இருந்து பழகுக. செலவில்லாத ஓய்வு இது.

உடம்பு சிவபிரான் உறையும் ஆலயம் என்பது நம் கொள்கை. ஆலயத்திற்கும் நடைசாத்தும் வேளை உண்டு. அவ்வேளையை நம் வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும், முதலில் மிக உழைப்பவர்க்கு, அளிப்போமாக.