வீட்டைச் சுமக்கும் வேனின் கியர்பாக்ஸ்

பழைய வேன் ஒன்றை வாங்கி, அதன் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, படுக்கப் பலகையும் சமைக்க அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்துக்கொண்டு, ஸ்தல யாத்திரை என்றும் வெறும் ஊர்சுற்றல் என்றும் மனைவியோடு பிரயாணம் செய்துவரும் பழக்கம், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சங்கரன்கோவிலில் குடியேறிய காலம் முதல் எனக்கு ஏற்பட்டிருக்கிறது. இத்தகைய வண்டியில் டயர் போனாலும், பாட்டரி இறங்கினாலும், ரேடியேட்டர் ஒழுகினாலும் எந்தச் சிற்றூரிலும் யாராவது ஒருவர் வந்து பார்த்து, ஏதோ பரிகாரம் செய்து அனுப்பிவிடுவார். கியர்பாக்ஸ் பழுதாகும்போதுதான், வண்டியின் விலைக்கும் பழுதுபார்க்கும் செலவுக்கும் இடையே அதிக தூரமில்லை என்ற பயம் உண்டாகி, நிதானமுள்ளவர்கள்கூடக் கலங்கிப்போகிறார்கள். அந்தக் கலக்கத்தில் செய்யப்படும் காரியங்கள், பழுதைக் காட்டிலும் அதிகப் பணத்தை விழுங்குகின்றன என்பது என் திடமான அபிப்பிராயம். காரில் போகிறவனுக்கு இரவு தங்க இடம் வேண்டும், ஆகாரம் வேண்டும், ஆகையால் அவன் அவசரப்படுவதில் நியாயம் உண்டு. வீட்டையே கூடக் கொண்டுபோகிறவனுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. நின்ற இடத்தில் ஒரு ராத்திரி தங்கி, யந்திரத்தின் சப்தத்தைக் கவனமாகக் கேட்டு, மறுநாள் தீர்மானம் செய்ய அவனுக்கு வசதியிருக்கிறது.

இத்தகைய வண்டிகளில் கியர்பாக்ஸ் பழுதாவதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இவ்விதம் வீடாக மாற்றப்படுபவை பெரும்பாலும் பயணிகளை ஏற்றிச் செல்வதற்கென்று செய்யப்பட்ட வேன்கள். பூனாவின் பஜாஜ் டெம்போ கம்பெனி, அதாவது 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய கம்பெனி, 1987-ல் வெளியிட்ட டிராவலர் வேன், ஜெர்மனியில் மெர்ஸிடிஸ் பென்ஸ் 1977 முதல் செய்துவந்த ஒரு வேனின் வழிவந்தது. அந்த ஜெர்மன் வேனில் வீடமைத்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றிவந்தவர்கள் அநேகர். ஆகவே எண்ணம் புதிதன்று. ஆனால் பயணிகள் ஏறுவார்கள், இறங்குவார்கள், திரும்புகாலில் வண்டி காலியாகவும் ஓடும். வீடோ ஒருபோதும் இறங்குவதில்லை. மரப்பலகை, அலமாரி, மெத்தை, பாத்திரம், கூடுதல் பாட்டரி, உள்ளிருக்கும் வாயு மட்டுமே 14.2 கிலோ எடையுள்ள காஸ் சிலிண்டர், 100 லிட்டர் பிடித்தால் 100 கிலோ ஆகிவிடும் தண்ணீர் ஆகிய இவ்வளவும், ஒவ்வோர் ஏற்றத்திலும் கியர்ப் பற்களின்மேலும் பேரிங்குகளின்மேலும் ஓய்வின்றிப் பாரமாக விழுந்துகொண்டே இருக்கின்றன. ஏற்கெனவே பல லட்சம் கிலோமீட்டர் பயணிகளைச் சுமந்து தேய்ந்த பெட்டிக்கு இது முதுமையில் வந்த கூடுதல் சுமை.

குற்றாலத்தில் சாரல் விழும் பருவம் ஒன்றில் கொல்லத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தென்மலையைத் தாண்டி, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலத்தைப் பார்த்தவாறு ஏறும் பாதையில் இரண்டாவது, மூன்றாவது கியர்களில் மெல்லியதொரு ரீங்காரம் எழுந்தது. ஆரியங்காவு வருவதற்குள் அது முனகலாகக் கனத்தது. கோட்டைவாசல் கழிந்து எஸ் வளைவில் இறங்கத் தொடங்கியதும், மூன்றாவது கியர் தானாகவே விலகி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. மலையிறக்கத்தில் கியர் நழுவுவதைவிட அபாயகரமானது வேறில்லை. எஞ்சினின் பிடிப்பு போய்விடுகிறது, முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழுகிறது, பிரேக் சூடேறினால் அதுவும் கைவிட்டுவிடும். அச்சமயத்தில் செய்யவேண்டியது, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வண்டி நடையளவுக்கு வந்தபின் இரண்டாவது கியரைப் போட்டு, அதன் தண்டைக் கையால் பிடித்துக்கொண்டே இறங்குவது. பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்காக ஒரு விநாடிகூட அவசரப்படலாகாது. அவ்விதமே இறங்கி, புளியரை கடந்து செங்கோட்டையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் அனுமதி பெற்று, ஓரமாக நிறுத்தினோம்.

அங்கே வந்து பார்த்த ஒருவர், வண்டியின் அடியில் குனிந்துகூடப் பாராமல், “பாக்ஸ் மொத்தமும் போச்சு, மாத்திரணும்” என்று சொல்லி, ஒரு தொகையையும் சொன்னார். அதை மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. மனைவி ரவை கிளறினாள். சாப்பிட்டுவிட்டு, சாலையில் சந்தடி ஓய்ந்தபின் பரீட்சைகளைத் தொடங்கினேன். இவற்றைச் செய்ய எந்த ஆயுதமும் வேண்டியதில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, அதே காரியத்தைச் செய்யவேண்டும். நின்றிருக்கும்போது சுலபமாக விழும் கியர்கள், ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், குற்றம் பெரும்பாலும் கியர்பாக்ஸினுடையதன்று. கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. கிளட்ச் திரவம் குறைந்திருக்கலாம், சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கலாம். சில நூறு ரூபாயில் தீரக்கூடிய இந்தப் பழுதுக்காகக் கியர்பாக்ஸையே இறக்கிவிட்ட வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். அடுத்து, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துக் கேட்கவேண்டும். சப்தம் இருந்து, மிதித்ததும் அது நின்றால், பழுது பெட்டிக்குள், எஞ்சினின் சுழற்சியை வாங்கும் முன்தண்டின் பேரிங்கிலோ, அதை மற்றக் கியர்களுக்குக் கடத்தும் லே ஷாஃப்டின் பேரிங்கிலோ இருக்கிறது. மாறாக, மிதித்தால்தான் சப்தம் தொடங்குகிறதென்றால், அது வெளியே இருந்து கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங். மூன்றாவது பரீட்சை ஓட்டத்தில். எந்தக் கியரில் போனாலும், நியூட்ரலில் உருண்டாலுங்கூட, வண்டியின் வேகத்தை மட்டுமே பின்பற்றி ஏறியிறங்கும் சப்தம், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸையோ சென்டர் பேரிங்கையோ, பின் அச்சிலுள்ள கிரவுனையோ சேர்ந்தது; அதற்கும் கியர்பாக்ஸுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. சில கியர்களில் இருந்து, நேர் இணைப்புள்ள கியரில் மட்டும் மறைந்துவிடும் சப்தமே லே ஷாஃப்டைக் காட்டிக்கொடுக்கும் லக்ஷணம். நேர் இணைப்பு என்பது பல வண்டிகளில் நாலாவது, சிலவற்றில் ஐந்தாவது. அதில் முன்தண்டும் மெயின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டுச் சுழல்வதால், லே ஷாஃப்ட் சுற்றினாலும் சுமை தாங்குவதில்லை.

என் வண்டியில் நியூட்ரலில் எழுந்த முனகல், கிளட்சை மிதித்ததும் நின்றது. விடியற்காலையில் பங்க்கின் முன்னுள்ள சமதளச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தபோது, நேர் கியரில் முனகல் அநேகமாக இல்லை. இந்த இரண்டு விஷயங்களும் நிச்சயமானபின், என்ன பழுது என்பது பாதி தெரிந்துவிட்டது. மொத்தப் பெட்டியும் போகவில்லை என்பது முழுதும் தெரிந்துவிட்டது.

ஊர் வந்து சேர்ந்த விதம் இது. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தேன். வெயில் ஏறுவதற்கு முன்பு புறப்பட்டு, தென்காசி, சுரண்டை, சேர்ந்தமரம், வீரசிகாமணி என்று மேடு பள்ளம் குறைந்த பாதையாகத் தேர்ந்து, கூடியமட்டும் நேர் கியரிலேயே நிதானமாக ஓட்டினேன். கியர் மாற்றவேண்டி வந்த இடங்களில், கிளட்சை இருமுறை மிதித்து, நடுவில் நியூட்ரலில் எஞ்சின் வேகத்தைச் சரிசெய்துகொள்ளும் பழைய டிரைவர்களின் முறையைக் கையாண்டேன். 1928-ல் காடிலாக் கார்களில், கியர்களின் வேகத்தைத் தானே ஒத்துவரச் செய்யும் சிங்க்ரோமெஷ் அமைப்பு வந்து பிற வண்டிகளுக்கும் பரவும்வரை இதுவே கியர் மாற்றும் வித்தையாக இருந்தது. சிங்க்ரோ வளையம் தேய்ந்துபோன கிழட்டுப் பெட்டிக்கு இன்றும் இதைக் காட்டிலும் இதமான மருந்தில்லை. ஓட்டவே இயலாத நிலையென்றால் இழுத்துவரத்தான் வேண்டும். அப்போது பின்சக்கரங்கள் தரையில் உருளுவதாயிருந்தால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கிரவுன் பக்கத்தில் கழற்றி மேலே கட்டிவிட வேண்டியது அத்தியாவசியம். எஞ்சின் ஓடாமல் நியூட்ரலில் இழுக்கும்போது, எண்ணெயை வாரித் தெளிக்கும் லே ஷாஃப்ட் அசையாமல் நிற்க, மெயின் ஷாஃப்ட் மட்டும் உலர்ந்தபடி சுழன்று, நல்ல பேரிங்குகளும் நாசமாகும்.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறிகள் இருக்குமிடத்தில் லேத் பட்டறைகளும், இரும்பைத் தொட்டுப் பழகிய கைகளும் இருக்கும். நான் போன பட்டறைக்காரரிடம் செங்கோட்டையில் கேட்ட அபிப்பிராயத்தைச் சொன்னேன்.

“எதைப் பாத்து அப்படிச் சொன்னாவ அண்ணாச்சி? ஆயிலைப் பாக்காம நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்” என்றார் அவர்.

“ஆயிலையே முதல்ல இறக்கிருவோம் தம்பி. எனக்கு அவசரமில்ல” என்றேன்.

எண்ணெய் இறக்கும்போது, கீழேயுள்ள போல்ட்டைத் தொடுவதற்கு முன் பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் போல்ட்டைத் தளர்த்திப் பார்ப்பதை எப்போதும் வற்புறுத்துகிறேன். மேல் போல்ட் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், எண்ணெய் முழுதும் கீழே போனபின் ஊற்ற வழியில்லாமல் நிற்க நேரும். வந்த எண்ணெயில் பொன்னிறப் பொடி மினுமினுத்தால் அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை, கொஞ்சம் இருந்தால் இயல்பு. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கையில் குத்தும் எஃகுச் சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது கருமையான எண்ணெயும், மிக நுண்ணிய எஃகுத் தூளும்; அளவும் குறைவு, பின்பக்க ஆயில் சீல் நெடுநாளாகக் கசிந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தபோது லே ஷாஃப்டின் பேரிங் ஒன்று புள்ளிபுள்ளியாக அரித்திருந்தது. மூன்றாவது கியரை நகர்த்திப் பூட்டும் ஃபோர்க் தேய்ந்திருந்தது. பற்கள் குற்றமற்றவை.

பேரிங்கைத் தேடுவதில் ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் “அந்த மாடல் நின்னுபோச்சு” என்று கைவிரிப்பார்கள். பேரிங்கின் வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லிக் கேட்டால், மோட்டார் பம்ப்புக்குப் பேரிங் விற்கும் கடையிலேகூடக் கிடைத்துவிடலாம். உதாரணமாக 6306 என்றிருந்தால், கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்க உள்விட்டம் 30 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 72, அகலம் 19. 04 முதல் மேலே உள்ள எண்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். எண்ணின் பின்னால் சி3 என்றிருந்தால் உள் இடைவெளி சற்று அதிகமானது என்று பொருள். அதை விட்டுவிட்டு வாங்கலாகாது. ஆயில் சீலிலும் அளவுகள் அச்சாகியிருக்கும். ஃபோர்க் போன்றவை இப்படிக் கிடைப்பதில்லை. சென்னைப் புதுப்பேட்டையிலோ கோயம்புத்தூர் உக்கடத்திலோ பழைய சாமான்களில் தேடவேண்டும், அல்லது நல்ல லேத்காரர் பித்தளை வைத்து நிரப்பிக் கடைந்து தரவேண்டும். ஆடித்தபசு நெருங்கியிருந்ததால் பட்டறையில் ஆட்கள் இல்லை, ஊர் முழுதும் கோமதியம்மன் சந்நிதியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. திருவிழா முடியட்டும் என்று காத்திருந்தோம். பொறுத்ததனால் எங்கள் ஃபோர்க் நிதானமாகவும் ஒழுங்காகவும் கடையப்பட்டது.

கியர்பாக்ஸை இறக்கும் கூலியே பெருஞ்செலவு. ஆகையால் இறக்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீலின் நடுவிலுள்ள சிறு பேரிங், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் ஆகியவற்றையும் மாற்றிவிடுவது உசிதம். இன்னும் சிறிது ஓடும் என்று தோன்றினாலும் பார்க்கவேண்டாம். எண்ணெய் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கிரவுனுக்கு ஊற்றும் ஜிஎல்-5 எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ரசாயனம் மிகுதி; அது பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். பித்தளைச் சிங்க்ரோ உள்ள பழைய பெட்டிகள் பெரும்பாலும் ஜிஎல்-4 கேட்பவை. வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பதை வாங்கி நாமே கொண்டுபோய்க் கொடுப்பது, ஒரே டப்பாவிலிருந்து இரண்டு இடத்துக்கும் ஊற்றும் வழக்கத்திலிருந்து காப்பாற்றும்.

வீடு என்பதால் வரும் ஜாக்கிரதைகள் தனி. பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கும். காஸ் சிலிண்டரை வண்டிக்குள் அடைத்துவைத்தால் போதாது, கழற்றி வெளியேற்றிவிட வேண்டும். பாட்டரியின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ததும்பும் தொட்டியோடு வண்டியைத் தூக்கினால் அது ஒரு பக்கம் சாயும். ஸ்டாண்டின்மேல் நிற்கும் வண்டியில், ஒரு நிமிஷம் டம்ளர் எடுக்கவென்றுகூட, யாரும் ஏறலாகாது. அடியில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார்.

பூட்டியபின் முதல் 1000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மறுபடி இறக்கி, போல்ட்டில் காந்தம் ஒட்டிப் பார்த்தோம். மெழுகுபோல் மெல்லிய பூச்சுதான் இருந்தது, சில்லு இல்லை. இப்போது அடுத்த தங்குமிடம் வரைக்குமான தண்ணீரையே நிரப்புகிறோம், தேக்கு அலமாரி வீட்டில் இருக்கிறது, வண்டியில் கான்வாஸ் பைகள் தொங்குகின்றன. மாற்றிய ஒவ்வொரு பேரிங்கின், சீலின் எண்ணும், எண்ணெயின் வகையும் அளவும், மேற்கூரைப் பலகையின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதன் பிரதி ஒன்று மனைவியின் பையிலும் இருக்கிறது.