கொழுந்து காத்திராது

ஓவேலி,
ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி பேரனுக்குத் தாத்தா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

அரையாண்டுப் பரீட்சையில் நீ கணக்கில் தவறிவிட்டாய் என்றும், பிளஸ் டூ முடிந்ததும் ஒரு வருஷம் திருப்பூரில் சம்பாதித்துவிட்டுப் பிறகு கல்லூரியைப் பார்த்துக்கொள்ளலாமென்று சிநேகிதரோடு பேசி வைத்திருக்கிறாய் என்றும் கூடலூரிலிருந்து வந்த உன் அத்தை சொல்லிப்போன நாள்முதல் எனக்கு இராத்திரி உறக்கம் பிடிக்கவில்லை. கோபித்து எழுதவில்லை, கண்ணு, தீர்மானம் உன்னுடையதே. ஆயினும் அந்த 'ஒரு வருஷம்' என்ற சொல்லை நான் நன்கு அறிவேன்.

1974-இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தபோது, அட்டனில் எட்டாம் வகுப்பில் கணக்குக்கு முதலாவதாக நின்ற பிள்ளை நான். "ஒரு வருஷம் தேயிலைத் தோட்ட வேலைக்குச் செக்ரோலில் பேர் விழட்டும், அப்புறம் படிக்கலாம்" என்று பெரியப்பா சொன்னார். அந்த வருஷம் கழிந்தபோது பின்னக் கணக்குக்கூட மறந்துபோய், என்னிலும் சிறிய பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்பட்டு, பள்ளிக்கூட வாசல்வரை போய்த் திரும்பிவந்தேன். அந்த ஒரு வருஷம் எனக்கு இன்னும் முடியவில்லை.

ஏழெட்டு நாளில் திரும்பிவந்து எடுக்கவேண்டிய தேயிலை நிரையை ஒரு சுற்றுத் தவறவிட்டால், இரண்டிலையும் மொட்டுமாக இருந்த கொழுந்து முற்றித் தடித்துப்போவதை நீ பிறந்ததுமுதல் பார்த்திருக்கிறாய், கற்றதும் அப்படியே. ஒரே பாடத்தைப் பத்துமுறை வாசித்துவிட்டுத் தெரிந்ததாக மயங்காதே. புத்தகத்தை மூடிவைத்து, கணக்கை வெற்றுத்தாளில் ஞாபகத்திலிருந்து போட்டுப் பார். தவறிய இடத்தை அன்றே திருத்தி, மறுநாள் ஒருமுறையும் மறுவாரம் ஒருமுறையும் மீண்டும் போடு. ஒன்பது மணிக்குக் கைபேசியை அத்தையிடம் கொடுத்துவிட்டு உறங்கு. உறக்கம் கெட்ட தலையில் எந்தப் பாடமும் தங்காது. மின்சாரமில்லாத இந்த வீட்டில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு உன் அம்மா படித்ததை நான் மறுபடியும் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு வழியையும் சீர்தூக்கிப் பார். கூடலூரில் அரசுக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அது உதவும், மீதிக்கு நான் இருக்கிறேன். திருப்பூர் மூன்று வருஷம் கழித்தும் அங்கேதான் இருக்கும். இனி உன் இஷ்டம்.

சனிக்கிழமை வருகையில் கடைசி பஸ்ஸுக்குக் காத்திராதே. மூன்று நாளாகப் பாதையில் ஆனை நிற்கிறது, இருட்டுமுன் வீடு வந்து சேர். பாட்டி தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்து வைப்பாள். அன்று படிப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். கணக்கில் எத்தனை மார்க் வாங்கினாலும் எங்கள் கண்ணுக்கு நீதான் ராசா. உன் முகத்தைப் பார்த்தாலே எங்களுக்குப் போதும்.

இப்படிக்கு,
உன் தாத்தா